தபாலை முதலில் பிரிப்பவர்

நீதிபதி தப்பு செய்தால் எங்கே போய்ச் சொல்வது? அமெரிக்க மாநிலங்களில் இதற்கென்று முதன்முதலாக நிரந்தரமாக ஒரு விலாசம் வைத்தது கலிபோர்னியா. 1960 நவம்பரில் வாக்காளர்கள் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு ஓட்டுப் போட்டு ஓர் ஆணையத்தை உண்டாக்கினார்கள். இன்றைக்கு அதன் பெயர் நீதித்துறைச் செயல்பாட்டு ஆணையம். அலுவலகம் சான் பிரான்சிஸ்கோவில். தொடக்கத்தில் ஒன்பது உறுப்பினர்கள்: ஐந்து நீதிபதிகள், இரண்டு வக்கீல்கள், பொதுமக்களிலிருந்து இரண்டு பேர். யாருக்கும் அது முழுநேர வேலை இல்லை. அவ்வப்போது கூடுவார்கள், பைல் பார்ப்பார்கள், ஓட்டுப் போடுவார்கள், ஊருக்குப் போய்விடுவார்கள். மற்ற நாட்களில் கதவைத் திறந்து, தபாலைப் பிரித்து, ஆட்களை வேலை வாங்க ஒருவர் வேண்டுமே. முதல் முப்பது ஆண்டுகள் அந்த ஆள் ஜாக் ஃபிராங்கல். 1991இல் விக்டோரியா ஹென்லி வந்தார். கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தார். ஆளுநர் மாளிகையில் ரீகன் முதல் ஸ்வார்ஸ்நெக்கர் வரை வந்து போனார்கள். இந்த அறையில் இரண்டே பேர்.

ஆணையர்களைப் பற்றியும் தண்டனை பெற்ற நீதிபதிகளைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த இரண்டு பேரின் நாற்காலியைப் பற்றித்தான் எனக்கு ஆர்வம்.

*

அலுவலகத் தலைவருக்கு ஒரு நீதிபதியைக் கண்டிக்கக்கூட அதிகாரம் கிடையாது. கண்டிப்பது ஆணையர்கள். ஐந்து படிகள் உண்டு: அறிவுரைக் கடிதம், தனிப்பட்ட எச்சரிக்கை, பகிரங்க எச்சரிக்கை, பகிரங்கக் கண்டனம், பதவி நீக்கம். கீழே உள்ள இரண்டும் வெளியே தெரியாது. மேலே உள்ள மூன்றும் ஊரறிய நடக்கும். புகாரை முடித்து வைக்கவும் ஆணையர்களின் ஓட்டு வேண்டும்.

ஆனால் வருஷத்துக்கு ஆயிரத்துக்கும் மேல் புகார்கள் வருகின்றன. வேறு வேலை பார்த்துக்கொண்டே இந்தப் பொறுப்பையும் சுமப்பவர்கள் எத்தனை கட்டை முழுதாகப் படிப்பார்கள்? அலுவலகம் தயாரித்துத் தந்த சுருக்கத்தைத்தான் படிக்க முடியும். நாற்பது பக்கம் கொட்டித் தீர்த்த ஒரு மனிதரின் ஆத்திரத்தை ஒன்றரைப் பக்கமாக்கும்போது எந்த வரி நிற்கிறது, எந்த வரி விழுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தீர்ப்பு எழுதுகிறவருக்குப் பெயர் கிடைக்கும். சுருக்கம் எழுதுகிறவருக்குக் கிடைக்காது. அவர் கையில் இருப்பது அதைவிடச் சின்ன அதிகாரம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

*

வருகிற புகாரில் பத்துக்கு ஒன்பது முதல் கட்டத்திலேயே முடிந்துவிடும். இது கலிபோர்னியாவுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. இப்படிப்பட்ட அலுவலகம் எங்கே இருந்தாலும் ஏறக்குறைய இதே நிலைதான். காரணம் எளிது. கேஸ் தோற்றவர் எழுதுகிறார். ஜீவனாம்சம் குறைந்துவிட்டது, குழந்தை எதிர்த்தரப்புக்குப் போய்விட்டது, சாட்சியை நம்பவில்லை. எல்லாமே மேல்முறையீட்டுக்குப் போக வேண்டியவை. ஒழுங்கு ஆணையம் தீர்ப்பைத் திருத்தாது.

சரி, தப்பான தீர்ப்பு எப்போது ஒழுங்கீனம் ஆகும்? 1999இல் ஓபர்ஹோல்சர் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. வெறும் சட்டப் பிழை போதாது. கூடவே கெட்ட எண்ணம் இருக்க வேண்டும். அல்லது பாரபட்சம், அதிகார துஷ்பிரயோகம், அடிப்படை உரிமைகளைப் புறக்கணித்தல், சட்டத்தைத் தெரிந்தே மீறுதல், கடமைக்குச் சம்பந்தமில்லாத வேறு நோக்கம் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்.

படிக்கத் தெளிவாக இருக்கிறது. மேஜையில் பைல் வந்து விழும்போதுதான் சங்கடம். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஒருவருக்கு, இலவச வக்கீல் பெறும் உரிமையைச் சொல்லாமலே நீதிபதி சிறைத் தண்டனை கொடுத்துவிட்டார். இது மறதியா, உரிமையைப் புறக்கணித்ததா? ஒரே ஒரு பைலை வைத்துக்கொண்டு சொல்லவே முடியாது. அதே நீதிபதி மேல் மூன்று வருஷத்துக்கு முன் வந்து மூடப்பட்ட ஒரு புகார், போன வருஷம் வேறொருவர் அரைகுறையாக எழுதிய கடிதம், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சொல்லலாம். ஆணையர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அலமாரியில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் அலுவலகத் தலைவர் ஒருவர்தான்.

*

2016இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக நீச்சல் வீரர் ஒருவருக்குப் பாலியல் வன்கொடுமை வழக்கில் ஆறே மாதம் சிறை விதித்தார் நீதிபதி ஏரன் பெர்ஸ்கி. நாடே கொதித்தது. ஆயிரக்கணக்கான புகார்கள் ஆணையத்துக்குப் போயின. அந்த டிசம்பரில் ஆணையம் பதில் சொன்னது: பாரபட்சத்துக்கோ ஒழுங்கீனத்துக்கோ தெளிவான சான்று இல்லை, தண்டனை சட்டம் கொடுத்த வரம்புக்குள்தான் இருக்கிறது. 2018 ஜூனில் வாக்காளர்கள் அவரைத் திரும்ப அழைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 1932க்குப் பிறகு அந்த மாநிலத்தில் எந்த நீதிபதியும் அப்படிப் போனதில்லை.

ஆணையம் கோழைத்தனமாக நடந்துகொண்டது என்று அப்போது பலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு தண்டனை குறைவு என்பதற்காக நீதிபதியை ஒழுங்கு விசாரணைக்கு இழுக்கிற அலுவலகம், நாளைக்கு ஒரு ஜாமீன் தாராளம் என்பதற்காகவும் இழுக்கும். அந்த ஆயிரக்கணக்கான கடிதங்களுக்கு நடுவே நின்றுகொண்டு ‘இது எங்கள் வேலை இல்லை’ என்ற வரியை எழுத ஒரு நெஞ்சுரம் வேண்டும். வாக்காளர் செய்தது வேறு. அது அவர்களின் உரிமை.

*

ஃபிராங்கல் காலத்துக் கதை ஒன்று. அந்த அலுவலகத்துக்கு வந்த சோதனைகளில் இதுதான் பெரிது என்பேன்.

1978 நவம்பர் 7, தேர்தல் நாள். மாநில உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் தலைமை நீதிபதி ரோஸ் பேர்ட் பதவியில் நீடிக்கலாமா என்று அன்றைக்கு ஓட்டு. துப்பாக்கியைப் பயன்படுத்திக் குற்றம் செய்தால் கட்டாயச் சிறை என்ற சட்டத்தைத் தளர்த்தும் தீர்ப்பு ஒன்று தயாராகிவிட்டது, தேர்தல் முடியட்டும் என்று வெளியிடாமல் வைத்திருக்கிறார்கள் என்று அன்று காலை லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதியது. பேர்ட் மயிரிழையில் ஜெயித்தார். பிறகு அவரே ஆணையத்தை அழைத்து, விசாரியுங்கள் என்றார்.

நினைத்துப் பாருங்கள். ஆணையத்தில் உட்கார்ந்திருக்கும் நீதிபதிகளை நியமிப்பது மாநில உச்ச நீதிமன்றம். அந்த நீதிமன்றத்தின் நீதிபதிகளே இப்போது விசாரணைக் கூண்டில். 1979 கோடையில் சான் பிரான்சிஸ்கோவில் பகிரங்க விசாரணை தொடங்கியது. தொலைக்காட்சி கேமரா முன்னால் நீதிபதிகள் ஒருவரையொருவர் பற்றிச் சாட்சி சொன்னார்கள். யார் எந்த வரைவை எத்தனை நாள் மேஜையில் வைத்திருந்தார், யார் யாருக்கு என்ன குறிப்பு அனுப்பினார் என்று அறைக்குள் இருந்ததெல்லாம் தெருவுக்கு வந்தது. நடுவில் நீதிபதி ஸ்டான்லி மாஸ்க், பகிரங்கமாகச் சாட்சி சொல்ல மாட்டேன், அரசியல் சட்டப்படி இந்த விசாரணை ரகசியம் என்று வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் விலகிக்கொள்ள, அவர்கள் இடத்தில் வேறு நீதிபதிகளை உட்கார வைத்து வழக்கை நடத்தினார்கள். மாஸ்க் சொன்னதுதான் சரி என்று தீர்ப்பு வந்தது. கதவு மூடப்பட்டது. நவம்பரில் ஆணையம் அறிவித்தது: குற்றச்சாட்டு எதுவும் பதிவாகாது. ஏன் என்று விளக்கம் இல்லை. ரகசியம் என்று தீர்ப்பு வந்துவிட்ட பிறகு விளக்கம் எப்படித் தருவது?

பாதி நாடகத்தை மக்களுக்குக் காட்டிவிட்டுத் திரையை இழுத்ததில் எல்லோருக்கும் நஷ்டம். நீதிபதிகள் நிரபராதிகள் என்றும் யாரும் நம்பவில்லை, குற்றவாளிகள் என்றும் நிரூபணமில்லை. இன்றைக்கு இப்படி ஓர் அலுவலகத்தை ஒருவர் புதிதாக ஏற்கிறார் என்றால் முதல் வாரம் படிக்க வேண்டிய பைல் இது. ரகசியமாக நடத்துவதா பகிரங்கமாக நடத்துவதா என்பதை முதல் சாட்சி ஏறுவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

*

1994இல் வாக்காளர்கள் மறுபடி தலையிட்டார்கள். உறுப்பினர் எண்ணிக்கை பதினொன்று ஆனது. அதில் ஆறு பேர் நீதிபதியோ வக்கீலோ அல்லாத பொதுமக்கள். முறையான குற்றச்சாட்டு பதிவாகிவிட்டால் அதற்குப் பிறகு விசாரணை பகிரங்கம். நீதிபதிகளின் ஒழுங்கை நீதிபதிகளே பார்த்துக்கொள்வார்கள் என்ற பேச்சு அதோடு போயிற்று.

அலுவலகத் தலைவருக்கு இதனால் வேறு வகை வேலை வந்தது. அறைகளைப் பிரிக்க வேண்டும். புலனாய்வு செய்கிறவர் ஒருபுறம், குற்றச்சாட்டை வாதாடுகிறவர் ஒருபுறம், ஆணையர்களுக்குச் சட்ட ஆலோசனை சொல்கிறவர் இன்னொருபுறம். ஒரே மாடி, ஒரே காபி இயந்திரம். ஆனால் முதலாமவர் மூன்றாமவரிடம் வழக்கைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. சின்ன அலுவலகத்தில் இதைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஏதாவது ஒரு தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

*

2016இல் மாநிலச் சட்டமன்றம் ஆணையத்தைத் தணிக்கை செய்யச் சொன்னது. ஐம்பத்தாறு வருஷத்தில் அதுவே முதல் முறை. ஆணையம் என்ன செய்தது? ரகசியப் பைல்களைக் காட்ட முடியாது என்று மாநிலத் தணிக்கையர் மேல் வழக்குப் போட்டது! நீதிபதிகளைப் பார்த்து ‘கணக்குச் சொல்’ என்று கேட்பதற்காகவே பிறந்த அலுவலகம், தன்னிடம் கணக்குக் கேட்டதும் கோர்ட்டுப் படி ஏறியது. ரகசியத்துக்கு நியாயமான காரணம் உண்டு. புகார் கொடுத்த கோர்ட் ஊழியரின் பெயர் வெளியே போனால் அவர் வேலை போய்விடும். இருந்தாலும் அந்த வழக்கு ஒரு நிர்வாகியின் பெரிய தவறு என்றே எனக்குப் படுகிறது. தணிக்கையரும் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்தானே.

கடைசியில் தணிக்கை நடந்தது. 2019 ஏப்ரலில் வந்த அறிக்கை சொன்னவற்றில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இவை. புலனாய்வாளர்கள் பல வழக்குகளில் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்யவில்லை. கேட்டிருக்க வேண்டிய சாட்சியைக் கேட்கவில்லை, பார்த்திருக்க வேண்டிய ஆவணத்தைப் பார்க்கவில்லை. ஒரே நீதிபதி மேல் திரும்பத் திரும்ப வரும் ஒரே மாதிரிப் புகாரைக் கோத்துப் பார்க்கிற ஏற்பாடு பலவீனமாக இருந்தது. சிலிக்கான் பள்ளத்தாக்கு இருக்கும் மாநிலத்தில் ஆன்லைனில் புகார் கொடுக்க வழியில்லாமல் இருந்தது. விசாரணையை மேற்பார்க்கிற அதே ஆணையர்களே தீர்ப்பும் சொல்கிறார்கள்; அதை இரண்டு அடுக்காகப் பிரியுங்கள்.

மேலே அலமாரியைப் பற்றிச் சொன்னேன். இத்தனை வருஷம் ஒரே ஆள் தலைமையில் இருந்தும் அலமாரி பேசவில்லை என்பதுதான் அறிக்கை சொன்ன செய்தி. நினைவு ஒருவரின் தலைக்குள் இருந்தால் அது அலுவலகத்தின் நினைவு ஆகாது போலிருக்கிறது.

*

லண்டன். ஸ்ட்ராண்ட் தெருவில் ராயல் கோர்ட்ஸ் கட்டடத்துக்குள் நீதித்துறை நடத்தை விசாரணை அலுவலகம். 2013 அக்டோபரில் அந்தப் பெயரோடு தொடங்கியது. தலைவர் ஓர் அரசு ஊழியர். அவருக்கு மேலே இரண்டு எஜமானர்கள்: அமைச்சரவையில் இருக்கும் லார்ட் சான்சலர், நீதித்துறைத் தலைவரான தலைமை நீதிபதி. தண்டனைக்கு இருவரும் சம்மதிக்க வேண்டும். ஒருவர் அரசியல்வாதி, ஒருவர் நீதிபதி. இரண்டு பேருக்கும் ஒரே பைலை ஒரே மொழியில் எழுதி அனுப்புகிற நடு ஆள் இவர்.

புகார் கொடுக்க மூன்று மாதம்தான் கெடு. கோர்ட்டில் திட்டு வாங்கிய கட்சிக்காரர், கேஸ் நடந்துகொண்டிருக்கும்போதே அதே நீதிபதி மேல் புகார் எழுதுவாரா? முடியட்டும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும். தாமதத்தை மன்னிக்கிற அதிகாரம் அலுவலகத்துக்கு உண்டு. அதை எவ்வளவு தாராளமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே தலைவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

அங்கே பிடித்த விஷயம், தண்டித்தால் பெயரோடு அறிக்கை வெளியிடுகிறார்கள். 2015 மார்ச்சில் அலுவலகக் கணினியில் ஆபாசப் படம் பார்த்த மூன்று நீதிபதிகளை நீக்கியபோது வந்த அறிக்கை சில வரிகள்தான். இப்போது அறிக்கைகளில் என்ன நடந்தது, நீதிபதி என்ன விளக்கம் சொன்னார் என்ற விவரமெல்லாம் கூடியிருக்கிறது. அலுவலகம் நடந்துகொண்ட விதம் சரியில்லை என்றால் அதன் மேல் புகார் சொல்ல ஒரு குறைகேட்பு அதிகாரியும் இருக்கிறார். மேலிடத்து நீதிபதிகளின் பதவியில் மட்டும் கைவைக்க முடியாது; அதற்கு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் வேண்டும். அப்படிப் போனவர் சரித்திரத்தில் ஒரே ஒருவர், 1830இல் அயர்லாந்து நீதிபதி ஜோனா பாரிங்டன். கோர்ட் பணத்தைக் கையாடினார்.

*

கனடாவில் 2023இல் வந்த திருத்தச் சட்டத்தில் ஒரு சின்னப் பிரிவு. வடிகட்டும் அலுவலர் அற்பமான புகாரைத் தானே தள்ளலாம். ஆனால் பாலியல் தொல்லை, பாகுபாடு என்று சொல்லும் புகாரைத் தள்ளும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. மேலே அனுப்பியே ஆக வேண்டும். எந்தப் புகார்கள் இப்படிப்பட்ட மேஜைகளில் வழக்கமாகச் செத்துப் போகின்றன என்று தெரிந்த யாரோ எழுதிய பிரிவு.

*

சென்னை பாரிமுனை, உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்பக்கம். மனு டைப் அடித்துக் கொடுக்கும் ஒருவரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பொன்னேரிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், நிலத் தகராறில் தோற்றவர், முன்சீப் மேல் புகார் எழுத வந்திருந்தார்.

“எதிர்க்கட்சிகிட்ட காசு வாங்கிட்டாருன்னு போடு தம்பி.”

“ஐயா, அப்படி அடிச்சா கண்டெம்ப்ட்டுல உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க. ‘பாரபட்சமாக நடந்துகொண்டார்’னு போடலாம்.”

பெரியவர் யோசித்தார். “பாரபட்சம்னா காசு வாங்குனதா அர்த்தம் வருமா?”

“வரும்னு வெச்சுக்கங்க.”

அடித்துக் கொடுத்தார். பெரியவர் ரிஜிஸ்தர் தபாலில், ஒப்புகை அட்டை வைத்து அனுப்பக் கிளம்பினார்.

டைப்பிஸ்ட் பயந்தது சட்டப்படி தப்பு. 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, கீழமை நீதிமன்ற நீதிபதியைப் பற்றி நல்லெண்ணத்தோடு உயர் நீதிமன்றத்திடம் சொல்வது அவமதிப்பு ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பிரிவு சாலையைக் கடந்து அந்த மேஜைக்கு வரவில்லை. அந்தப் பாதுகாப்பும் கீழமை நீதிபதி விஷயத்தில் மட்டும்தான். உயர் நீதிமன்ற நீதிபதியைப் பற்றி எழுதுகிறவருக்கு அப்படி ஒரு பிரிவு கிடையாது.

இப்போது அந்தக் கடிதம் உள்ளே போகிறது. தபால் பிரிவில் நம்பர் விழுகிறது. வாசிக்கிறவர் கண்ணில் படுவது ‘பாரபட்சம்’ என்ற பழகிப் போன சொல். தோற்றவர் புலம்பல், முடித்துவிடு. கூடவே இன்னொன்று: 2014 அக்டோபரில் இந்தியத் தலைமை நீதிபதியிடமிருந்து உயர் நீதிமன்றங்களுக்கு வந்த வழிகாட்டுதலின்படி, கீழமை நீதிபதி மேல் புகார் என்றால் பிரமாணப் பத்திரமும் சரிபார்க்கத்தக்க ஆதாரமும் வேண்டும். மொட்டைக் கடிதம் செல்லாது. பெரியவர் பெயரோடுதான் எழுதியிருக்கிறார், ஆனால் நோட்டரி கையெழுத்து இல்லை. அவர் மனதில் இருந்த விஷயம், நிஜமோ பொய்யோ, யார் காதுக்கும் போகவில்லை. போன் போட்டு ‘என்ன நடந்தது, சொல்லுங்க’ என்று கேட்க ஓர் ஆளை உட்கார வைத்தால் அது தெரிந்துவிடும். அந்த ஒரு ஆளை நியமிக்கிற முடிவு நீதிபதி எடுக்கும் முடிவு இல்லை, நிர்வாகி எடுக்கும் முடிவு.

*

எதிர்ப்பக்கத்தையும் எழுதி வைக்க வேண்டும். மாவட்ட நீதிபதிகளிடம் தனியாகப் பேசினால், மொட்டைக் கடிதத்தைப் பற்றித்தான் முதலில் பேச்சு வரும். வாய்தா தராத நீதிபதி மேல் வக்கீல்களுக்குக் கோபம் வந்தால் பத்து நாளில் மேலே ஒரு கடிதம் போயிருக்கும். ஈஸ்வர் சந்த் ஜெயின் வழக்கில் 1988இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: அற்பப் புகாருக்கெல்லாம் விசாரணை வைத்தால் கீழமை நீதிபதி தைரியமாக வேலை செய்ய முடியாது, உயர் நீதிமன்றம் அவரைக் காக்க வேண்டும். ஜாமீன் கொடுத்தால் வம்பு, மறுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்ற கணக்கு அந்த மேஜைகளில் ஓடுகிறது. அதற்கு விலை கொடுப்பது சிறையில் இருப்பவன்.

*

உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் விஷயத்தில் சென்னைக்குப் பழைய உறவு உண்டு. கே. வீராசாமி, சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி. வருமானத்துக்கு மீறிய சொத்து என்று 1976இல் வழக்கு. அந்த வழக்கில்தான் 1991இல் உச்ச நீதிமன்றம், நீதிபதியும் ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி பொது ஊழியரே, ஆனால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலக்காமல் வழக்குப் பதியக் கூடாது என்றது. அடுத்து வி. ராமசாமி, இதே உயர் நீதிமன்றத்தில் இருந்தவர், பிறகு உச்ச நீதிமன்றம் போனவர். பஞ்சாப்-ஹரியானாவில் தலைமை நீதிபதியாக இருந்தபோது வீட்டுச் சாமான் வாங்கிய செலவு விவகாரம். நீதிபதிகள் குழு விசாரித்துப் பல குற்றச்சாட்டுகள் நிரூபணம் என்றது. 1993 மே மாதம் மக்களவையில் தீர்மானத்துக்கு ஆதரவு 196, எதிர்ப்பு பூஜ்யம். காங்கிரஸும் அதன் கூட்டணிக் கட்சிகளுமாக 205 பேர் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் விழுந்தது.

அதன் பிறகு வந்ததுதான் உள்முறை விசாரணை. 1999 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வு ஏற்றது. புகார் இந்தியத் தலைமை நீதிபதிக்குப் போகும். அவர் பார்த்து, தேவையென்றால் மூன்று நீதிபதிகள் குழு. குற்றம் பெரிது என்றால் ராஜினாமா செய்யச் சொல்வார். மறுத்தால் குடியரசுத் தலைவருக்கும் பிரதமருக்கும் எழுதுவார். அறிக்கை வெளியே வராது என்று 2003இல் தீர்ப்பே இருக்கிறது.

இதில் தலைமை நீதிபதி இருக்கிறார், குழு இருக்கிறது. அலுவலகம்தான் இல்லை. சட்டப்படி அமைந்த செயலகம் இல்லை, முழுநேரப் புலனாய்வாளர் இல்லை, ஆண்டறிக்கை இல்லை. 2017 முதல் 2021 வரை ஐந்தாண்டில் நீதித்துறை பற்றி மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளத்துக்கு வந்த 1,600க்கும் மேற்பட்ட புகார்களை இந்தியத் தலைமை நீதிபதிக்கும் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளுக்கும் அனுப்பி வைத்ததாக அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அனுப்பியதோடு அரசின் வேலை முடிந்தது. வாங்கியவர்கள் பக்கத்தில் எத்தனை மூடப்பட்டது, எத்தனை விசாரிக்கப்பட்டது என்று வருஷா வருஷம் அச்சடித்துத் தருகிறவர் யாருமில்லை.

தலைமை நீதிபதிகளோ வந்த வேகத்தில் ஓய்வு பெறுகிறார்கள். யு.யு. லலித் 74 நாள். சஞ்சீவ் கன்னா ஆறு மாதம். 2025 மார்ச் 14 இரவு டெல்லியில் நீதிபதி யஷ்வந்த் வர்மா வீட்டில் தீப்பிடித்து, எரிந்த நோட்டுக் கட்டுகள் பற்றிப் பேச்சு எழுந்தது. தன் மேல் சொல்லப்பட்டதை அவர் மறுத்தார். கன்னா ஒரு வாரத்தில் குழு அமைத்து, வழக்கத்துக்கு மாறாக ஆவணங்களை இணையதளத்தில் போட்டு, ஓய்வு பெறுவதற்குச் சில நாள் முன்பு அறிக்கையைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். அவர் வேகமானவர், முடித்தார். இதே புகாரை மெதுவானவர் ஒருவர் எடுத்திருந்தால்? அடுத்தவர் மேஜைக்குப் போகும், அவரும் முதலிலிருந்து படிப்பார்.

2010இல் ஒரு மசோதா வந்தது: தேசிய மேற்பார்வைக் குழு, புகார் பரிசீலனைக் குழுக்கள் எல்லாம் அதில் இருந்தன. 2012இல் மக்களவையில் நிறைவேறி, 2014இல் காலாவதி ஆனது. முதல் வடிவத்தில் பொய்ப் புகார் கொடுத்தால் ஐந்து வருஷம் வரை கடுங்காவல். பொன்னேரிப் பெரியவரின் டைப்பிஸ்ட் அதைப் படித்திருந்தால் ‘பாரபட்சம்’ என்ற சொல்லையும் அடித்திருக்க மாட்டார்.

*

நம் உயர் நீதிமன்றங்களில் கண்காணிப்புப் பதிவாளர் என்று ஒரு பதவி உண்டு. கீழமை நீதிபதிகள் மேல் வரும் புகார் அவரிடம் போகும். அவரே பெரும்பாலும் மாவட்ட நீதிபதி நிலையில் இருப்பவர். சில வருஷம் கழித்து ஏதோ ஒரு மாவட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். இன்றைக்கு விசாரிக்கிறவரும் விசாரிக்கப்படுகிறவரும் நாளைக்கு ஒரே பதவி உயர்வுப் பட்டியலில் முன்னும் பின்னும் நிற்பார்கள். இருவருடைய ரகசியக் குறிப்பையும் எழுதுவது மேலே இருக்கிற அதே நீதிபதிகள். தனிப்பட்டவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. இந்த ஏற்பாட்டில் அவர் தன் மேலதிகாரி ஒருவருக்குச் சங்கடமான குறிப்பை எழுத வேண்டுமென்றால், தன் அடுத்த போஸ்டிங்கை நினைத்துக்கொண்டுதான் எழுத வேண்டியிருக்கும்.

‘ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டுவிடலாம்’ என்று எந்தப் பிரச்சினைக்கும் நம்மூரில் ஒரு மருந்து வைத்திருக்கிறோம். இந்த நாற்காலிக்கு எனக்கு அதில் சம்மதம் இல்லை. முப்பது வருஷம் பெஞ்சில் இருந்தவர் புகாரைப் படிக்கும்போது நீதிபதியின் இடத்தில் நின்றுதான் படிப்பார், பழக்கம் அப்படி. தணிக்கைத் துறையிலிருந்து ஒருவரைக் கொண்டு வாருங்கள். ஏழு வருஷப் பதவி, நீட்டிப்பு கிடையாது, முடிந்தபின் அரசு தரும் வேறு எந்த நாற்காலியிலும் உட்காரக் கூடாது. கீழே நல்ல கிரிமினல் வக்கீல்கள் நாலு பேர், தமிழ் தெரிந்து பொறுமையாகப் போன் பேசுகிறவர்கள் இரண்டு பேர், பழைய புகாரையும் புதிய புகாரையும் நீதிபதி வாரியாகக் கோத்து வைக்க ஒருவர். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடுவது யார் என்பதை மட்டும் முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். உயர் நீதிமன்றப் பதிவுத்துறையாகவும் இருக்கக் கூடாது, சட்ட அமைச்சகமாகவும் இருக்கக் கூடாது.